சட்டையைத் தூக்கிக் காட்டியவனுக்கு

என் ஏழுமலைக்கு, போன இடத்திலும் சத்தம் போட்டே பேசிக்கொண்டிருக்கும் என் மச்சானுக்கு,

நீ மழைக்கு முன்னால் போனாய். இப்போது ஆனி பிறந்தும் வெயில் கொளுத்துகிறது. உன்னோடு பேசாமல் இத்தனை நாள் நான் இருந்ததே இல்லை. நான் செங்கல்பட்டிலும் நீ உன் குப்பத்திலுமாகப் பிரிந்து வாழ்ந்த காலத்தில்கூட வாரம் தவறாமல் போன் போட்டு, "இன்னாடா சாமு, உசுரோட கீறியா?" என்று கேட்பாய். இப்போது அந்தக் கேள்வியை நான் யாரிடம் கேட்பது?

போன ஞாயிறு எங்கள் சபையில் வாலிபர் கூடுகை. "உங்க வயசுல எங்களுக்குச் சொல்ல ஏதாவது இருக்கும், ஒரு நண்பரைப் பத்திப் பேசுங்க ஐயா" என்றார்கள். எழுந்து நின்று உன் பெயரைச் சொன்னேன். அதற்குமேல் போக முடியவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள், குடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அங்கே சொல்ல முடியாததை உனக்கே எழுதுகிறேன். அந்தப் பிள்ளைகளும் படித்துக்கொள்ளட்டும்.

எழுபதுகளின் தொடக்கம். செங்கல்பட்டில் தொழுநோய் ஒழிப்பு வேலையில் நாம் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். பள்ளி இறுதி வகுப்பு முடித்து, சில மாதம் பயிற்சி எடுத்த இரண்டு பையன்கள். ஆளுக்கு ஒரு சைக்கிள், ஒரு காக்கிப் பை, அதில் மாத்திரைகள். ஊர் ஊராகப் போக வேண்டும். உடம்பில் உணர்ச்சியில்லாத தேமல் யாருக்காவது இருக்கிறதா என்று வீடு வீடாகப் பார்க்க வேண்டும். இருந்தால் மாத்திரை கொடுத்து விடாமல் சாப்பிட வைக்க வேண்டும். கேட்க எளிதான வேலைதான். ஆனால் "தேமல் பாக்குறவங்க வந்துகினு கீறாங்க" என்று ஒரு குரல் கிளம்பினால் போதும், தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும். நோயைவிட அந்தப் பெயருக்குத்தான் ஜனங்கள் பயந்தார்கள்.

நான் படாளத்துப் பக்கம் ஒரு சேரியில் பிறந்தவன். அப்பா ஊரார் வயலில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். தாத்தா காலத்திலேயே ஞானஸ்நானம் பெற்ற குடும்பம். மாதச் சம்பளம் என்று ஒன்றை வாங்கிய முதல் ஆள் நான்தான். நீ மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தில் கட்டுமரக்காரர் மகன். அலை தாண்டி உள்ளே போனதும் உனக்கு வாந்தி வரும். "இவன் கடலுக்கு ஆவமாட்டான், படிக்கவாவது அனுப்பு" என்று உன் அப்பா சலித்துப்போய்ச் சொன்னதால்தான் பள்ளிக்கூடம் போனாய். இதை நீயே எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாய்.

நமக்குள் ஒட்டிக்கொண்டது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு டீக்கடையில்தான். மதுராந்தகம் போகும் வழியில் உள்ளே தள்ளி ஒரு ஊர். அந்தக் கடைக்காரருக்கு என் அப்பாவைத் தெரியும். நான் இன்னார் மகன் என்று தெரிந்ததும், ஓலைத் தட்டியில் தனியாகச் செருகியிருந்த தம்ளரை எடுத்து எனக்கு வைத்தார். எனக்குப் புதிது இல்லை, எடுத்துக்கொண்டேன். நீ உன் கண்ணாடி கிளாஸைத் திருப்பிக் கொடுத்தாய்.

"எனக்கும் அதுமாரி ஒண்ணுல ஊத்து அண்ணாத்த."

"அது ஒனக்கு இல்லப்பா."

"டீ எனக்குத்தான? ஊத்து."

அவர் ஊற்றவில்லை. நீ என் தம்ளரை வாங்கிப் பாதி குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினாய். சைக்கிளில் வரும்போது, "ஏன்டா அப்டி செஞ்ச?" என்று கேட்டேன். "பேசிகினே இருந்தா ஆறிப்பூடும்ல" என்றாய். அவ்வளவுதான் உன் விளக்கம்.

அதற்கப்புறம் செங்கல்பட்டில் ஏரிப் பக்கம் ஒரே அறையில் குடியிருந்தோம். காலையில் நான் முழங்கால்போட்டு ஜெபம் பண்ணுவேன். நீ வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டே, "உங்காளு கிட்ட அப்டியே எதுர்காத்து அடிக்காம பாத்துக்கச் சொல்லு" என்பாய். எனக்குக் கோபம் வராது. சில நாள் உண்மையாகவே அதையும் சேர்த்து வேண்டிக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் பாடகர் குழுவில் நிற்பேன். நீ வாசலை ஒட்டிய கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாய். பாட்டுக்காகத்தான் வருவதாகச் சொல்வாய். டிசம்பரில் வீடு வீடாகப் பாடப் போகும்போது மேளம் உன் கழுத்தில்தான் தொங்கும். வார்த்தை தெரியாத இடங்களில் வாய்க்கு வந்ததைப் பாடுவாய். ஒரு தடவை மீன் பெயர்களாக வைத்து ஒரு சரணத்தையே ஒப்பேற்றினாய். கூட வந்த சபை மூப்பர் ஒருவர் கடைசி வரை கண்டுபிடிக்கவே இல்லை.

பிறகு அந்த ஞாயிறு வந்தது.

உனக்குப் பெண் பார்த்துப் பேசி முடித்திருந்தார்கள். திருவிடந்தைப் பக்கத்துக் குப்பத்தில் மரகதம். தலையில் கூடையோடு பஸ் ஏறி மீன் விற்கிற பெண். தை மாதம் கல்யாணம். ஆராதனை முடிந்ததும் இரண்டு பேரும் சைக்கிளில் உன் வீட்டுக்குப் போனோம். உன் அம்மா வைத்த சங்கரா மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ்ந்ததும் கடலில் இறங்கினோம். நீ எனக்கு முன்னால் அலையை நோக்கி ஓடினாய். உன் முதுகில், இடது தோள்பட்டைக்குக் கீழே, உன் கண் எட்டாத இடத்தில், வெளுத்த ஒரு வட்டம் தெரிந்தது.

எத்தனையோ முதுகு பார்த்தவன் நான். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. ஆனாலும் தெரியாததுபோல் தண்ணீரில் நின்றேன். கடவுளே, இது சும்மா தேமலாக இருக்கட்டும் என்று வேண்டினேன். கரையேறி உட்கார்ந்ததும் ஒரு கோரைப்புல்லைக் கிள்ளி எடுத்தேன்.

"கண்ண மூடு. தொட்ட இடத்த வெரலால காட்டு."

"லீவு நாள்ல கூட வேலையாடா?" என்று சிரித்தபடி கண்ணை மூடினாய்.

முதலில் கழுத்தில் தொட்டேன், காட்டினாய். இடுப்பில் தொட்டேன், காட்டினாய். பிறகு அந்த வட்டத்தின் நடுவில் புல் நுனியை வைத்தேன். நீ அசையாமல் உட்கார்ந்திருந்தாய். அழுத்தினேன். கடல் இரைந்துகொண்டிருந்தது.

"இன்னாடா, தொடு. தூங்கிட்டியா?" என்றாய்.

என் கையிலிருந்த புல் உன் முதுகில்தான் இருந்தது, ஏழுமலை. நீ கண்ணைத் திறந்து திரும்பி என் முகத்தைப் பார்த்தாய். அந்தப் பார்வையிலிருந்து சிரிப்பு வடிந்துபோனதை இந்த வயதிலும் என்னால் மறக்க முடியவில்லை.

மறுநாள் டாக்டர் பார்த்தார். பரவாத வகைதான், சில வருஷம் மாத்திரை சாப்பிட்டால் போதும், கைகால் எதுவும் கெடாது என்றார். இதே வார்த்தைகளை நாமே எத்தனை வாசலில் நின்று சொல்லியிருக்கிறோம். ஆனால் உன் காதில் எதுவும் ஏறவில்லை. அன்று மாலை நான் அறைக்கு வந்தபோது உன் பெட்டி இல்லை.

ஒரு வாரம் பார்த்தேன். பொறுக்க முடியாமல் சனிக்கிழமை விடிந்ததும் திருக்கழுக்குன்றம் வழியாகச் சைக்கிளை மிதித்தேன். குப்பத்தில் உன் அம்மா, "அவன் அப்பா கூட கடலுக்குப் பூட்டான்பா, இன்னா பேஜாரோ தெரில, வாயே தொறக்கமாட்டன்றான்" என்றார். கரையில் காத்திருந்தேன். கட்டுமரம் வந்து சேர்ந்தது. வாந்தி எடுத்து எடுத்து முகம் வெளிறிப்போய் இறங்கினாய். என்னைப் பார்த்ததும் வலையைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் நடந்தாய்.

"வேலைக்கு வாடா."

"வரல."

"அப்ப மாத்திரையாவது சாப்டு. கொண்டாந்துருக்கேன்."

"சாமு, தையில கல்யாணம். இது வெளிய தெரிஞ்சா எங்கம்மா இந்தக் குப்பத்துல தண்ணி மொள்ளப் போவ முடியுமா? நீ பேசாம பூடு."

"எத்தினி பேர்ட்ட சொல்லிருக்கோம், பயப்படாதீங்கன்னு?"

"சொன்னோம். அவங்க மாரி இருந்து பாத்தமா?" என்று கத்தினாய். கரையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீ மணலில் உட்கார்ந்துவிட்டாய். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எந்த வசனமும் நினைவுக்கு வரவில்லை. உன் தோளை ஒட்டி உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். ரொம்ப நேரம் கழித்து நீயே, "அந்தப் பொண்ணுக்குச் சொல்லாம கட்டமாட்டேன். நீ கூட வரியா?" என்று கேட்டாய்.

அன்று சாயங்காலமே போனோம். மரகதத்தின் அப்பா வாசலில் உட்கார்ந்து தூண்டில் கயிற்றைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். நீ நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாய். நான் நடுவில் புகுந்து, இது பரவாத வகை, குணமாகிவிடும் என்று விளக்கினேன். அவர் ஏசவில்லை, அடிக்க வரவில்லை. கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "வந்து சொன்னியே, அது போதும். இனிமே இந்தப் பக்கம் வராத" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அவள் அங்கேதான் நின்றிருக்கிறாள்.

தை வந்தது, போனது. நீ அறைக்குத் திரும்பியிருந்தாய். மாத்திரை சாப்பிட்டாய், வேலைக்கு வந்தாய், பேச்சு மட்டும் குறைந்துபோயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சுக்கும் வந்தாய். அப்படி ஒரு நாளில்தான் எங்கள் சபைப் போதகரான ஐயர், இயேசு குணமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். ஒருவன் மட்டும் நன்றி சொல்லத் திரும்பி வந்தான், மற்ற ஒன்பது பேரும் நன்றி கெட்டவர்கள் என்று குரலை உயர்த்தினார். பாவம்தான் குஷ்டம் என்றார். பாடகர் வரிசையில் நின்ற எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உன்னைப் பார்க்கத் துணிவில்லை.

வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். நீ வேறெங்கோ யோசனையில் இருந்தாய்.

"அந்த ஒம்போது பேரையும் ஏன்டா அவரு திட்டுறாரு? வூட்டுக்கு ஓடிருப்பானுங்கடா. எத்தினி வருசம் ஆச்சோ பொண்டாட்டி புள்ள மூஞ்சிய பாத்து. மொதல்ல அவங்கள தொட்டுட்டு அப்பால வரலாம்னு போயிருப்பானுங்க."

சிறு வயதிலிருந்து கேட்ட கதை அது. அந்த ஒன்பது பேர் எங்கே போனார்கள் என்று யாருமே எனக்குச் சொன்னதில்லை. அன்றே ஐயரிடம் போய் நீ சொன்னதைச் சொன்னேன். பாவத்தையும் நோயையும் ஒன்றாக்காதீர்கள், கேட்பவர்களில் அந்த நோய் உள்ளவரும் இருக்கலாம் என்றும் சொன்னேன். நல்ல மனிதர். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "எனக்குத் தோணலையே தம்பி" என்றார். பிறகு அவர் அப்படிப் பேசிக் கேட்டதில்லை.

அந்த வாரமோ அடுத்த வாரமோ, படாளத்தில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் புளியமரத்தடியில் நாம் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தோம். தள்ளி ஒரு அம்மா வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றிருந்தார். களை எடுக்கப் போகிறவர், செல்லம்மா. கூப்பிட்டால் வரமாட்டார், போகவும் மாட்டார். நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேன். நீ சட்டென்று எழுந்தாய். அவர் முன்னால் போய் முதுகைக் காட்டி நின்று சட்டையைத் தூக்கினாய்.

"இங்க பாரும்மா. எனக்கும் கீது. மாத்தர துன்றேன், சைக்கிள் மிதிக்கிறேன், இதோ ஒன் முன்னாடி நிக்கிறேன். கைய நீட்டு."

செல்லம்மா முந்தானையை விலக்கிக் கையை நீட்டினார். எனக்குக் கண் மறைத்தது. நீ திரும்பிப் பார்த்து, "இன்னாடா பாத்துகினு, மாத்தர எடு" என்று அதட்டினாய். உன் பழைய குரல் அன்றுதான் திரும்பியது.

அதற்கப்புறம் கருங்குழி, படாளம், கடற்கரைக் குப்பங்கள் என்று எல்லா இடத்திலும் யார் தயங்கினாலும் சட்டையைத் தூக்கினாய். சிலர் காறித் துப்பிவிட்டுப் போனார்கள். ஆனால் வராதவர்கள் வரத் தொடங்கினார்கள். "சட்ட தூக்குற சாரு" என்றே பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயர் மீன் கூடைகளோடு பஸ் ஏறித் திருவிடந்தை வரைக்கும் போயிருக்கிறது.

மாமல்லபுரத்தில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம். ஒரு பெண் கூடையை நம் காலடியில் இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இன்னா, ஊருக்கெல்லாம் சட்டய தூக்கிக் காட்டிகினு திரியிறியாமே?"

நீ சட்டை நுனியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாய்.

"கட்டிக்க இருந்தவ நானு. எனக்குத்தான் இன்னும் காட்டல."

"இல்ல... உங்க நைனா வராதன்னு..."

"எங்க நைனாவயா கட்டிக்கப் போற?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நீ சொல்லு. ஒட்டிக்குமா?"

"ஒட்டாதும்மா."

"பொறக்குற கொயந்தைக்கு?"

"வராது. இவனுக்கே சரியாப் போயிடும்."

"அப்ப திரும்பு" என்றாள் உன்னிடம். பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேர் முன்னாலும் நீ திரும்பினாய். அவள் மீன் செதில் ஒட்டிய கையை முந்தானையில் துடைத்துவிட்டு, அந்த வட்டத்தின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"தொட்டுகினு கீறேன். தெரியுதா?"

"தெரில."

"பரவால்ல. எனக்குத் தெரியுது."

கல்யாணம் திருவிடந்தைக் கோயிலில். அவள் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. பெண்ணுக்கு அண்ணன் செய்ய வேண்டிய முறைகளைச் செய்ய ஆளில்லை. கோயில் வாசலோடு நின்றுவிடலாம் என்று நினைத்திருந்த என்னை மரகதம் கூப்பிட்டனுப்பினாள். "அண்ணன்னு கூப்ட்டேன்ல, வந்து நில்லு" என்றாள். போய் நின்றேன். அதுவரை வாய்ப்பழக்கத்துக்கு மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். அன்று முறையாகவே மச்சான் ஆனோம். சபையில் ஒரு மூப்பர், "கோயிலுக்குள்ள போய் நின்னியாமே?" என்று கேட்டார். "தங்கச்சி கல்யாணங்க" என்றேன்.

முதல் பிள்ளை பிறந்ததும் உன் மாமனார் ஒரு கூடை மீனோடு வந்து நின்றது ஞாபகம் இருக்கிறதா? குழந்தையை மடியில் போட்டு முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீ கோபப்படுவாய் என்று பயந்தேன். "நல்லா பாத்துக்க நைனா, வெளிச்சத்துல வெச்சிப் பாரு" என்று விளக்கை ஏற்றிப் பக்கத்தில் பிடித்தாய். அவர் அழுதுவிட்டார்.

இப்போதைய சேதி சொல்கிறேன். கடற்கரை ரோட்டில் ஓட்டல்கள் இன்னும் கூடிவிட்டன. உன் மகன் படகுக்குப் புது இன்ஜின் வைத்திருக்கிறான். நீ போன அன்று, செல்லம்மாவின் மகன் படாளத்திலிருந்து மாலையோடு வந்திருந்தான். என்னைத் தவிர அவனை யாருக்கும் தெரியவில்லை. "எங்கம்மா கை நல்லா இருந்துச்சு, கடைசி வரைக்கும் அவங்களே சோறு பெசஞ்சு சாப்டாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

மரகதம் முதல் மாதம் வாயே திறக்கவில்லை. இப்போது திட்ட ஆரம்பித்துவிட்டாள், அதனால் கொஞ்சம் நிம்மதி. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறிப் போய்விடுகிறேன். "தனியா துன்னப் புடிக்கலண்ணா" என்று எனக்கும் சேர்த்துத் தட்டு வைக்கிறாள். இரண்டு பேரும் உன்னைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டே சாப்பிடுகிறோம்.

உன் பேத்தி திவ்யாவுக்கு நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது, மச்சான். தூர ஊர். உன் மகனுக்குக் கடலை விட்டு வர முடியவில்லை, மரகதத்துக்கு முழங்கால் வலி. அதனால் திங்கட்கிழமை ரயிலில் நான்தான் கூட்டிப் போகிறேன். இந்த ஆட்டம் காணும் உடம்போடு பெட்டியை யார் தூக்குவது என்று திவ்யா கவலைப்படுகிறாள். "ஆஸ்டல்ல நீங்க யாருன்னு கேட்டா இன்னா சொல்றது?" என்றாள். "தாத்தான்னு சொல்லு" என்றேன். "பேரு வேற மாரி இருக்கேன்னு கேட்டா?" என்றாள். "கேட்டா என்னைக் கூப்பிடு, நான் உக்காந்து முழுசா சொல்றேன்" என்றேன்.

நீ பயப்படாதே. அவள் அறையைப் பார்த்து, கூட இருக்கப்போகிற பெண்களைப் பார்த்து, அவள் முகம் தெளிந்த பிறகுதான் ரயில் ஏறுவேன். படிப்பு முடிகிற வரைக்கும், எனக்கு உயிர் இருக்கிற வரைக்கும், வாராவாரம் போன் போட்டுக் கேட்பேன். நீ கேட்கிற மாதிரியே, அதே வார்த்தையில், அதே சத்தத்தில்.

உன் மச்சான்,
மரகதத்தின் அண்ணன்,
சாமுவேல்